உறைகளை எண்ணிய பிள்ளைகளுக்கு

தூத்துக்குடி சுப்பையா வித்யாலயம் பெண்கள் பள்ளியில் 2018-ல் படித்த பிள்ளைகளுக்கு,

இப்போது கல்லூரியிலோ வேலையிலோ இருப்பீர்கள். உங்கள் மாவட்டத்துக்காரன்தான், கோவில்பட்டியிலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கிறது.

தின்று போட்ட தின்பண்ட உறைகளை 20,000-க்கு மேல் சேர்த்தீர்கள். கம்பெனி வாரியாகப் பிரித்து எண்ணினீர்கள். பிரிட்டானியாவின் உறைகள் மட்டுமே 10,000-ஐத் தாண்டின. மாநகராட்சியின் துணையோடு தயாரித்தவர்களுக்கே அவற்றைத் திருப்பி அனுப்பினீர்கள். பண்டம் பிடித்திருக்கிறது, மண்ணுக்குக் கேடில்லாத உறையில் தாருங்கள் என்று கடிதமும் வைத்தீர்கள்.

எண்ணினீர்களே, அதற்குத்தான் அந்த நன்றி. பள்ளிகளில் கழிவு பற்றிய செய்முறை என்றால் பாட்டிலை வெட்டிப் பூந்தொட்டி, உறையை மடித்துத் தோரணம். கண்காட்சி முடிந்ததும் அவையும் குப்பைக்குப் போகும். இது யார் விற்றது, எத்தனை என்று கேட்க உங்களுக்குத்தான் தோன்றியது. பல அடுக்காக ஒட்டிய அந்த உறையைப் பழைய இரும்புக் கடைக்காரர்கூட எடைக்கு வாங்கமாட்டார். திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று 2016-ன் பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. அந்த விதிக்கு உயிர் கொடுத்தது உங்கள் பார்சல்.

2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் தடை என்று தமிழக அரசு அறிவித்திருந்த நேரம் அது. பை, கப், உறிஞ்சுகுழல் எல்லாம் பட்டியலில் இருந்தன. கம்பெனியில் அடைத்து வரும் உறைக்கு விலக்கு. சரியாக அதைக் கையில் எடுத்தீர்கள். அரசு அந்த விலக்கை நீக்கியது 2020 ஜூனில்தான்.

கரிசல்காட்டில் இருப்பவனுக்கு இது ஏன் பெரிது என்று சொல்ல வேண்டும். கோடையில் எங்கள் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். காற்றில் பறந்து வரும் உறைகள் அந்த வெடிப்புக்குள் விழும். மழை பெய்ததும் மண் ஊறி மூடிக்கொள்ளும். உளுந்தும் சோளமும் விதைக்கிற மானாவாரி பூமி, ஈரம்தான் எங்கள் முதல். உள்ளே போன உறை உழும்போது மக்காமல் மேலே வரும்.

எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரும்பாலும் அதுவும் பிளாஸ்டிக் உறையில்தான் வருகிறது. கோவில்பட்டி ஆசிரியர்களே, உங்கள் பள்ளியின் தேசியப் பசுமைப்படைப் பிள்ளைகளோடு நம் ஊர் உறைகளையும் ஒரு வாரம் எண்ணுங்கள். அந்தக் கணக்கை நம் மிட்டாய்க்காரர்களிடம் பிள்ளைகளையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோவில்பட்டிக்காரன் ஒருவன்