உதிரம் சொல்லும் முன்னறிவிப்பு

எங்கள் அன்னையார் கூடங்குளத்திலிருந்து இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்திற்கு ஆண்டுதோறும் வெறுங்காலுடன் நடந்து செல்வார். ஓராண்டு வழியில் உடைமுள் தைத்தது. அவர் அதை உணரவேயில்லை. புண் ஆறாததைக் கண்டு மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோதுதான், நீரிழிவு பல்லாண்டுகளாக அவர் உடலில் குடியிருந்தது தெரிய வந்தது. இரண்டு விரல்களை இழந்தார். கருப்பட்டிக் காப்பி குடிப்பவருக்குச் சர்க்கரை நோய் வராதென்று நாங்கள் நம்பியிருந்தோம். கருப்பட்டியிலும் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையே!

நோய் முற்றுமுன் உதிரமே நமக்கு அறிவிக்கலாகாதா? அறிவியலாரும் இதையே தேடுகின்றனர். உயிரணுவில் எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டுமென்று கட்டுப்படுத்தும் மிகச் சிறிய மூலக்கூறுகள் உண்டு. அவற்றிற்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். அமெரிக்கரான ஆம்புரோசும் ருவ்குனும் 1993இல் ஒரு சிறு புழுவின் உடலில் இவற்றின் செயலை வெளிப்படுத்தினர். 2024இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். இவற்றுள் சில உயிரணுக்களை விட்டு வெளியேறி இரத்தத்தில் உலவுகின்றன. கணையமோ இரத்தக் குழாய்களோ நலிவுறும்போது இவற்றின் அளவும் மாறக்கூடும். சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார், நோயின் விளிம்பில் நிற்போரிடமே இத்தகைய மாற்றங்கள் காணப்படுவதை 2015இல் வெளியிட்டனர்.

ஆயினும் ஆய்வுக்கு ஆய்வு முடிவுகள் வேறுபடுவதால், இச்சோதனை இன்னும் பொது வழக்கிற்கு வரவில்லை. அதற்காக நாம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடனும், 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் விளிம்பிலும் உள்ளனரென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் கூறிற்று. அவர்களை அடையாளம் காண, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிச் செய்யப்படும் எளிய இரத்தச் சோதனையே போதும்.

"சோதித்தால்தானே நோய்!" என்பார் அன்னையார். அவ்வச்சம் எங்களையும் விடவில்லை. எனினும் சென்ற திங்கள் உடன்பிறந்தோர் அனைவரும் சேர்ந்து சென்று சோதித்துக்கொண்டோம். எங்களுள் இளையவர் விளிம்பில் இருக்கிறார். மனம் கலங்கிற்று; ஆனால் விரல்களை இழக்குமுன் அறிந்தோமே என்று இறைவனுக்கு நன்றி கூறினோம். இப்போது அவர் மாலைதோறும் கடற்கரை வரை நடக்கிறார், காலில் செருப்பணிந்து.

உடல் தூய ஆவியின் ஆலயமென்று புனித பவுல் கற்பித்தார். அவ்வாலயத்தின் விரிசலைக் காலத்தே பார்ப்பதும் பக்தியே அன்றோ?