ஐந்து ரூபாய் மிச்சம்

முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே எல்லா வீட்டிலும் அந்தக் கேள்வி வந்துவிடும். 'இந்த வருஷம் எங்கே போறோம்?'

உங்கள் வீட்டில் என்ன பதில் சொன்னீர்களோ! ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்கவேண்டியிருக்கிறது. ரூம் வாடகையைக் கேட்டால் மலை ஏறாமலே மூச்சு வாங்குகிறது. நான் என் வீட்டாரைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். "அது உங்க ஊருப்பா. டூர்ல வராது" என்றாள் பெரியவள். எட்டாம் வகுப்பு. வக்கீலுக்குப் படிக்கவைக்கலாம் என்று இருக்கிறேன்.

டூர் இல்லை என்று சொல்லிவிட்டார்களே, ஏதாவது செய்தாகவேண்டும் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மூன்று உருப்படிகளை எழுப்பினேன். பெரியவள், நாலாம் வகுப்புப் படிக்கும் சின்னவன், ஆறாம் வகுப்புப் போகப்போகிற தங்கை மகன். (பெயர் போட்டால் வீட்டில் சண்டை வரும். விட்டுவிடுங்கள்.) அம்மாவும் கிளம்பிவிட்டாள். எல்லோரும் உழவர் சந்தைக்கு.

விளையாட்டு இதுதான். ஆளுக்கு நூறு ரூபாய். நேரம் முக்கால் மணி. வீட்டுக்கு உபயோகப்படுகிற எதை வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியதை நோட்டில் கணக்கு எழுதவேண்டும். நான் பி.காம். படித்தவன், கணக்கில்லாமல் ஒன்றும் ஓடாது. யார் கெட்டிக்காரர் என்று அம்மா தீர்ப்புச் சொல்லுவாள்.

சித்திரை மாதத்து உழவர் சந்தையைக் காலை ஆறு மணிக்குப் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒருநாள் தூக்கத்தைத் தியாகம் செய்யுங்கள். தண்ணீர் தெளித்த கீரைக்கட்டு. காம்பில் முள் குத்துகிற கத்தரிக்காய். விரல் வைத்தால் நுனி ஒடிகிற வெண்டை. மண் உதிராத பச்சை நிலக்கடலை. மாங்காயில் ஒரு பக்கம் பால் வடிந்து காய்ந்திருக்கும். எங்கிருந்தோ பலாப்பழ வாசனை வந்து எல்லாவற்றையும் அமுக்கும். எங்கள் மாவட்டத்தில் வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் பக்கத்துச் செம்மண்ணுக்குப் பலா என்றால் உயிர். பண்ருட்டிப் பழத்துக்குப் பேர் அதிகம். வடகாட்டுப் பழத்துக்கு ருசி அதிகம் என்று நான் சொன்னால் கடலூர் வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். எழுதட்டும்.

வாசலில் விலைப்பலகை இருக்கிறது. தினமும் காலையில் வேளாண் துறை ஆட்கள் மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்து விலை குறிப்பார்கள். மொத்த மார்க்கெட் விலையைவிட ஏறக்குறைய 20 சதவிகிதம் கூட, வெளியே சில்லறைக் கடையில் விற்பதைவிட ஏறக்குறைய 15 சதவிகிதம் குறைச்சல் என்பது கணக்கு. விற்கிறவருக்கும் லாபம், வாங்குகிறவருக்கும் லாபம். நடுவில் இருந்தவரைத்தான் காணோம். விவசாயிக்குப் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை உண்டு. கடை வாடகை கிடையாது. தராசும் சந்தையிலேயே தருவார்கள்.

சின்னவன் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "யாருப்பா இதைக் கண்டுபிடிச்சது?" என்றான். 1987-லேயே பஞ்சாபில் 'அப்னி மண்டி' வந்துவிட்டது. 1999 ஜனவரியில் ஆந்திராவில் ரைத்து பஜார். அதே வருஷம் நவம்பர் 14-ம் தேதி மதுரை அண்ணா நகரில் நம்முடைய முதல் உழவர் சந்தையைக் கருணாநிதி தொடங்கிவைத்தார். 2001-ல் ஆட்சி மாறியதும் பல ஊர்களில் சந்தை களையிழந்தது. 2006-ல் மறுபடி உயிர் வந்தது. இதையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் சின்னவன் நூறு ரூபாயையும் காலி செய்துவிட்டான்.

என்ன வாங்கினான் தெரியுமா? ஒரு பலாப்பழம். முழுசாக. அவனால் தூக்க முடியவில்லை. உருட்டிக்கொண்டு வரப்பார்த்தான். விற்றவர் வடகாட்டுப் பக்கத்து விவசாயி. "தட்டிப் பாத்துத்தான் எடுத்தாரு தம்பி" என்று சிரித்தார். முற்றின பழத்துக்கு முள் அகன்று படுத்திருக்கும், தட்டினால் 'தொப்' என்று கேட்கும், 'டங்' என்றால் காய் என்று அவனுக்குப் பாடமே எடுத்திருக்கிறார். அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கவில்லை.

"இது புது மரத்துப் பழங்க" என்றார் என்னிடம். 2018 நவம்பர் 16-ம் தேதி விடிகாலை கஜா புயல் கரை ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பக்கம் தென்னையும் பலாவும் மாவும் வேரோடு படுத்த நாள் அது. தாத்தா வைத்த பலாமரங்கள். விதை போட்டு வளர்ந்த பலா காய்க்க ஆறேழு வருஷமாவது ஆகும். அன்றைக்கு விழுந்ததற்குப் பதிலாக நட்டது இப்போதுதான் கண் திறந்திருக்கிறது. "அதுவரைக்கும் என்ன பண்ணுனீங்க?" என்றேன். "கத்தரிக்கா போட்டோம், கடலை போட்டோம், கடன் வாங்கினோம்" என்றார், மூன்றையும் ஒரே தொனியில்.

தங்கை மகன் சாமர்த்தியசாலி. மாங்காய், நிலக்கடலை, ஒரு வாழைப்பூ, இரண்டு கட்டு கீரை எல்லாம் வாங்கி, 12 ரூபாய் மீதியும் வைத்திருந்தான். இவன்தான் ஜெயிப்பான் என்று நினைத்த நேரத்தில் பெரியவள் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"அப்பா... அஞ்சு ரூபா மிச்சம் பண்ணிட்டேன்!"

விஷயம் இதுதான். வெள்ளரிப்பிஞ்சைக் கிலோவில் விற்கவில்லை; கூறு கட்டி வைத்திருந்தார்கள். அதனால் அது பலகையில் இல்லை. கூறு 30 ரூபாய் என்றிருக்கிறார் ஒரு பாட்டி. இவள் 20-க்குக் கேட்டு, நகர்வதுபோல் நாலடி நடந்து, திரும்பி வந்து 25-க்கு முடித்திருக்கிறாள். நாலடி நடக்கிற வித்தையை யாரிடம் கற்றாள் என்று கேட்காதீர்கள். தி.நகரில் என் மனைவியோடு துணி எடுக்கப் போன யாருக்கும் அது தெரியும்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அம்மன் காசு என்று ஒரு செப்புக்காசு புழங்கியது. அணாவுக்கு இருபது. அப்படியானால் ரூபாய்க்கு 320. "அஞ்சு ரூபாங்கிறது 1,600 அம்மன் காசுடா கண்ணு!" என்று அவள் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திண்டிலிருந்து எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, "எந்தக் கடை? காட்டு" என்றாள்.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்லவேண்டும்.

ஆலங்குடிப் பக்கம் எங்களுக்கு முக்கால் ஏக்கர் நிலம். பாதியில் கத்தரி. பறித்ததை மூட்டை கட்டி ஒரு கமிஷன் மண்டிக்குப் போடுவார் அப்பா. மண்டிக்காரர் சொல்வதுதான் விலை. 1999-ல் நான் பி.காம். படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் அப்பா மண்டிச் சீட்டை என்னிடம் கொடுத்து, "படிக்கிறவன் பாத்துச் சொல்லு" என்றார். இரண்டு மூட்டை, 80 கிலோ. கழிவு என்று 4 கிலோ போக 76. அன்றைக்குக் கத்தரிக்காய் வரத்து அதிகம். கிலோ ஒரு ரூபாய். அதில் கமிஷன் 7 ரூபாய் 60 காசு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி 12. மகிமை ஒரு ரூபாய். அதற்கு மேல் எங்கள் செலவில் வண்டி வாடகை 30. அப்பா பஸ்ஸுக்கும் டீக்கும் 8. கோடு போட்டு, 'நிகர லாபம் ரூ.17.40' என்று அடிக்கோடிட்டுக் கொடுத்தேன். ஒரு பைசா தப்பில்லை.

அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மா விடியக்காலம் நாலு மணிலேர்ந்து குனிஞ்சு பறிச்சாளே, அந்தக் கூலிய எங்க எழுதியிருக்க?"

எழுதவில்லை. என் காஸ்டிங் புத்தகத்தைப் புரட்டினேன். தொழிலாளிக்குக் கொடுத்த கூலிக்குக் கலம் இருந்தது. கொடுக்காத கூலியை எழுதுகிற இடத்துக்கு என் பாடம் போகவேயில்லை. வெகுநாள் கழித்து, பத்திரிகைக்கு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நெல், கோதுமை மாதிரி 22 பயிர்களுக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறதல்லவா, அந்தச் சாகுபடிச் செலவில் குடும்பத்தார் உழைப்புக்கும் ஒரு மதிப்புப் போடுகிறார்கள். கத்தரிக்காய் அந்தப் பட்டியலில் இல்லை.

அப்புறம் எங்கள் ஊருக்கும் உழவர் சந்தை வந்தது. அம்மா பேரில் அட்டை வாங்கினோம். அட்டைக்குப் போட்டோ எடுக்க அவள் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு போனது வீட்டில் இன்றைக்கும் பேச்சு. முதல் நாள் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தவளுக்கு விலை சொல்ல வாய் வரவில்லை. அதுவரை அவளிடம் யாரும் 'என்ன விலை?' என்று கேட்டதே இல்லையே! பலகையில் எழுதியிருக்கிற விலையைச் சொல்லக்கூட வெட்கம். அரைக் கிலோ போட்டுவிட்டு, மனசு கேட்காமல் மேலே நாலு காய் அள்ளிப்போட்டாள். அப்பாவுக்குக் கோபம். "யாவாரம் பண்றியா, அன்னதானம் பண்றியா?" ஏழெட்டு வருஷம் அந்தச் சந்தையில் உட்கார்ந்தாள். முழங்கால் ஒத்துழைக்காத பிறகு நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. அப்பா இப்போது இல்லை.

அம்மா பேத்தியோடு போய் நின்றது அந்த வெள்ளரிப்பிஞ்சுப் பாட்டிக்கு முன்னால்.

"அக்கா, எம் பேத்தி அஞ்சு ரூபா கொறச்சுக் குடுத்துட்டா. இந்தாங்க."

பாட்டி நிமிர்ந்து பார்த்தார். அறுபத்தைந்து, எழுபது இருக்கும். காசை வாங்கவில்லை.

"நான் ஒத்துக்கிட்டுத்தானே குடுத்தேன் தாயி. திருப்பிக் குடுக்க இதென்ன கடனா?"

"இல்லக்கா, வச்சுக்கங்க. நானும் இங்கன கடை போட்டவதான்."

"அப்ப உனக்குத் தெரியாததா?" பாட்டி பெரியவளைப் பார்த்தார். "வெயிலு ஏறுனா பிஞ்சு வதங்கிடும் ஆயி. எட்டரைக்கு மேல நானே இருவதுக்குக் கூவுவேன். ஒம்போதரை பஸ்ஸ விட்டா எனக்கு மதியம்தான் பஸ்ஸு. நீ ஆறரைக்கே இருவத்தஞ்சு குடுத்தது எனக்கு லாவந்தான். என்ன, ஒம்போது மணிக்கு வந்திருந்தீன்னா பதினஞ்சுக்கே வாங்கியிருக்கலாம்!"

பெரியவள் என்னைப் பார்த்தாள். நான் விலைப்பலகையைப் பார்த்தேன். பி.காமில் சப்ளை, டிமாண்டு என்று முழுசாக ஒரு பேப்பர் படித்திருக்கிறேன். பஸ் டயத்தை அதில் சேர்க்கவில்லை.

அம்மா விடவில்லை. ஐந்து ரூபாய் நாணயத்தைக் கூறுக்கு நடுவில் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். "இந்தா... இரு, இரு" என்று பாட்டி இரண்டு கையாலும் பிஞ்சை அள்ளிப் பெரியவளின் பையில் கொட்டினார். எப்படிப் பார்த்தாலும் அது ஐந்து ரூபாய்க்கு மேல். அம்மா திரும்பி முறைக்க, பாட்டி வேறு ஆளிடம் விலை சொல்லத் தொடங்கிவிட்டார். ஐந்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்கப் போய், கூடுதலாகச் சுமந்துகொண்டு வந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் திண்ணையில் சாக்கு விரித்துப் பலாவை அறுத்தோம். கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பால் உங்களை மூன்று நாள் விடாது. என் மனைவி சொன்னதைக் கேட்காமல் நடுவில் கைவைத்த தங்கை மகன், சாயங்காலம் வரை எல்லோரிடமும் ஒட்டிக்கொண்டிருந்தான். சின்னவன் சுளை எண்ணினான். 62 வரை எண்ணினான், அப்புறம் வாய்க்கு வேறு வேலை வந்துவிட்டது. கொட்டை எல்லாம் மத்தியானம் கத்தரிக்காயோடு குழம்புக்குள் போனது. சடையும் தோலும் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு. நூறு ரூபாயில் ஒரு தெருவே சாப்பிட்டது என்று சொல்லி, அம்மா சின்னவனுக்குத்தான் முதல் பரிசு கொடுத்தாள். தங்கை மகன் இன்னும் அப்பீலில் இருக்கிறான்.

பெரியவள் மட்டும் நோட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, வெள்ளரிப்பிஞ்சு முப்பதுன்னே எழுதிட்டேன். அந்தப் பாட்டி மேல அள்ளிப் போட்டாங்கள்ல, அதை எந்தப் பக்கம் எழுதணும்? வரவா, செலவா?"

நான் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு ஒரு பிஞ்சைக் கடித்தேன். கொஞ்ச நேரம் பார்த்தவள் அம்மாவிடம் போனாள். "அதுக்குப் பேரு கொசுறு" என்றிருக்கிறாள் அம்மா. நோட்டை அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தேன். வரவு, செலவு இரண்டிலும் இல்லாமல், பக்கத்தின் அடியில் தனியாக ஒரு வரி இருந்தது.

'கொசுறு - 11 பிஞ்சு. அதில் அப்பா தின்றது 4.'