வூட்வர்ட் வீதியும் எட்டுத் தீப்பொறிகளும்

டெட்ரோயிட் நகரின் ஆற்றங்கரையிலே புறப்பட்டு, வடமேற்குத் திசையாக இருபத்தேழு மைல் ஓடி, பொன்ரியாக் என்னும் ஊரில் முடிவடைகிறது வூட்வர்ட் பெருவீதி. அமெரிக்காவில் இதனிலும் நீண்ட வீதிகள் பல உள. அழகிற் சிறந்தவையும் பல உள. ஆயினும் மோட்டார் வண்டியின் சரித்திரத்தை ஒரே வீதியிற் படிக்க விரும்புவோருக்கு இதற்கு ஈடானது வேறெங்கும் இல்லை என்றே கூறலாம்.

பூர்வ குடிமக்கள் நடந்து நடந்து வகுத்த ஒற்றையடிப் பாதையே இவ்வீதியின் மூதாதை. 1805ஆம் ஆண்டில் டெட்ரோயிட் முற்றாக எரிந்து சாம்பலான பின்னர், நகரை மீண்டும் வகுத்தமைக்க முன்வந்த நீதிபதி ஒகஸ்டஸ் வூட்வர்டின் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. நகரின் நடுவிலிருந்து சிறிது தூரம் சென்றால் கலைக்கூடம் வரும். அங்கே மெக்சிக்கோ நாட்டு ஓவியர் டியேகோ ரிவேரா 1932இலும் 1933இலும் தீட்டிய சுவரோவியங்கள் நான்கு சுவர்களையும் நிறைத்து நிற்கின்றன. அவற்றிலே தொழிலாளர் குனிந்தும் நிமிர்ந்தும் இழுத்தும் தள்ளியும் செய்துகொண்டிருப்பது எட்டுச் சிலிண்டர் யந்திரத்தைத்தான். கோயிற் சுவரில் தேவர்களைத் தீட்டுவதுபோல் யந்திரத்தைத் தீட்டியிருக்கிறாரே என்று நமக்குத் தோன்றிற்று.

இன்னும் வடக்கே போனால் ஹைலண்ட் பார்க். ஹென்றி போர்ட் 1910இல் திறந்த தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. வண்டி தானே தொழிலாளியிடம் நகர்ந்து வரும் முறை 1913இல் இங்கேதான் தொடங்கிற்று. அதற்கும் அப்பால், ஆறாம் மைல் வீதிக்கும் ஏழாம் மைல் வீதிக்கும் இடைப்பட்ட ஒரு மைலுக்கு 1909இல் கொங்கிறீற் இட்டார்கள். அமெரிக்காவில் கொங்கிறீற் இட்ட முதல் மைல் அது என்பர். எட்டாம் மைல் வீதியைத் தாண்டியதும் டெட்ரோயிட் முடிந்துவிடுகிறது. வெறும் எல்லைக்கோடு அன்று அது. நெடுங்காலமாகத் தெற்கே கறுப்பினத்தவரும் வடக்கே வெள்ளையருமாக மக்களைப் பிரித்து நின்ற கோடு. 1950இல் பதினெட்டரை லட்சம் பேர் வாழ்ந்த டெட்ரோயிட்டில் 2020இல் இருந்தோர் ஆறு லட்சத்து நாற்பதினாயிரத்துக்கும் குறைவே. வீதியின் இரு மருங்கிலும் வெற்று நிலங்களைக் காணும்போது இந்தக் கணக்கு கண்ணெதிரே நிற்கிறது.

எட்டாம் மைலுக்கு வடக்கே பெர்ண்டேல், றோயல் ஓக், பேர்மிங்ஹாம் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. 1960ஆம் ஆண்டுகளில் இளைஞர்கள் இரவு நேரங்களில் வண்டியோடு வண்டி பந்தயம் விட்ட பகுதி இதுவே. வீதி அகலமானது, நேரானது, நடுவே புற்றரை ஓடுவதால் எங்கும் திரும்பி மறுபடி வரலாம். பொலீசாரின் கண்ணுக்குத் தப்பித் தொழிற்சாலைப் பொறியியலாளர் சிலரும் தங்கள் புதிய யந்திரங்களை இங்கே கொண்டுவந்து பார்த்தார்கள் என்பது ஊரறிந்த இரகசியம்.

அந்த வண்டிகளுக்கு ஆங்கிலத்தில் ‘மசில் கார்’ என்று பெயர். தசைவலி மிக்க பயில்வான் வண்டி என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நடுத்தர அளவான உடலில் பெரிய வண்டியின் யந்திரத்தைப் பொருத்திவிட்டால் அதுவே மசில் கார். 1964இல் பொன்ரியாக் நிறுவனத்தார் இதைத்தான் செய்தனர். நடுத்தர வண்டிகளுக்கு 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட யந்திரம் கூடாது என்பது தலைமை நிறுவனமான ஜெனரல் மோட்டோர்ஸின் விதி. பொன்ரியாக்கார் 389 கன அங்குல யந்திரத்தை ‘விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் பொருள்’ என்று விலைப்பட்டியலில் எழுதி, அவ்விதியின் பக்கவாட்டிலே நழுவிச் சென்றனர். ஜீ.ரீ.ஓ. என்ற அந்த வண்டி முதலாண்டிலேயே 32,450 விற்பனையாயிற்று. விதிகளை எழுதுவோர் விலைப்பட்டியலையும் படிக்கவேண்டும் போலும்!

இனி இந்த வண்டியின் நெஞ்சுக்குள் சற்றே இறங்குவோம். மாணவர்கள் இவ்விடத்தைக் கூர்ந்து படிப்பார்களாக.

பெற்றோலும் காற்றும் கலந்த கலவைக்குச் சிலிண்டருக்குள் தீமூட்ட ஒரு தீப்பொறி வேண்டும். எட்டுச் சிலிண்டர் யந்திரத்தின் பிரதான தண்டு இருமுறை சுழன்றால் எட்டுச் சிலிண்டரும் ஒவ்வொரு தடவை எரியும். அதாவது ஒரு சுழற்சிக்கு நான்கு பொறிகள். நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் ஓடும்போது செக்கனுக்கு 400 பொறிகள்! ஒவ்வொன்றையும் உரிய சிலிண்டருக்கு உரிய கணத்திலே பங்கிட்டுக் கொடுக்கும் பண்டாரிதான் டிஸ்றிபியூட்டர்.

அதன் உள்ளே ‘பொயின்ற்’ என்னும் இரு சிறு உலோக முனைகள் உள. அவை தொட்டிருக்கும்போது பற்றரியின் மின்சாரம் கொயிலினூடே பாய்ந்து அங்கே காந்தப்புலத்தை உண்டாக்கும். சுழலும் தண்டின் முனைப்பு அவற்றைப் பிரித்தவுடன் மின்சாரம் அறுந்து, காந்தப்புலம் சரிந்து, கொயிலின் மற்றொரு சுற்றில் ஏறத்தாழ இருபதினாயிரம் வோல்ற்று எழும். றோட்டர் அதனை ஏற்று மூடியிலுள்ள எட்டு முனைகளுள் ஒன்றுக்கு வழங்கும். சார்ள்ஸ் கெற்றரிங் என்பவர் ஒஹையோ மாநிலத்து டேற்றன் நகரில் ஒரு களஞ்சியக் கொட்டிலில் நண்பர்களோடு இருந்து உருவாக்கி, 1910ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டிக்கு அளித்த முறை இது. யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் பழைய ஒஸ்ரின், மொரிஸ் வண்டிகளில் இருப்பதும் இதே தத்துவந்தான். 1990ஆம் ஆண்டுகளில் பெற்றோல் கிடையாத காலத்திலே மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய நம்மவருக்குப் பொயின்ற் தேய்க்கும் கலையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பொறி எந்தக் கணத்தில் விழவேண்டும் என்பதுதான் நுட்பமான விஷயம். கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் பிடிக்கும். யந்திரம் வேகமாகச் சுழலச் சுழல, பொறியை முன்கூட்டியே கொடுத்தால்தான் பிஸ்ரன் கீழிறங்கத் தொடங்கும் வேளையில் முழு வலிமையும் அதன்மேல் விழும். ஊஞ்சல் ஆட்டுபவர் தக்க தருணத்தில் தள்ளுவது போன்றது இது. முந்தினால் எதிர்த்து மோதும், பிந்தினால் வீணாகும். டிஸ்றிபியூட்டருக்குள் சுழற்சியால் விரியும் இரு எடைகளும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் சிறு கம்பிச்சுருள்களும் இந்த முந்துதலைத் தாமே அளந்து கொடுக்கின்றன. றோயல் ஓக்கில் இருந்த ‘றோயல் பொன்ரியாக்’ என்ற விற்பனையகத்தார் அக்காலத்தில் விற்ற ‘பொப்கற்’ பொதியில் இந்த முந்துதலை விரைவுபடுத்தும் பாகங்களும் இருந்தன. வூட்வர்டிலே பந்தயம் வென்றவர்களிற் பலருடைய வெற்றி, உள்ளங்கைக்குள் அடங்கும் இக்கம்பிச்சுருள்களில் அடங்கியிருந்தது.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டில், வூட்வர்டின் வருடாந்தப் பவனிக்குச் சில நாட்கள் முன்பு, பொன்ரியாக் நகரில் ஒரு வீட்டுக் கராச்சிலே இப்படிப்பட்ட டிஸ்றிபியூட்டர் ஒன்றை மாற்றுவதைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வண்டி 1966ஆம் ஆண்டு ஜீ.ரீ.ஓ. உரிமையாளர் எழுபத்தெட்டு வயது முதியவர். அவ்வூர்த் தொழிற்சாலையில் 1988இல் அது மூடப்படும்வரை வேலை செய்தவர். வேலை செய்தவள் அவருடைய பேத்தி. ஆஸ்பத்திரியொன்றில் தாதியாக இருப்பவள்.

அவள் ஓட்டிச் சென்றபோது எட்டாம் மைற் சந்தியிலே வண்டி நின்றுவிட்டதாம், மாலை நேர நெரிசலில். பொயின்றின் தேயும் பகுதி தேய்ந்து இடைவெளி குறைந்தால் பொறி பிந்தும். இன்னும் குறைந்தால் பொறியே இராது. ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினாறு பங்கு என்பது அந்த இடைவெளியின் அளவு. அதைப் பார்வையாலும் செவியாலும் சரிபார்த்து வந்தவர் தாத்தா.

“புதிதை வைத்தால் இது என் வண்டியாக இராது” என்றார் அவர். “இந்தப் பாகத்தில் இலக்கம் பொறித்திருக்கிறது. காட்சிக்கு வைத்தால் நடுவர்கள் முதலில் அதைத்தான் குனிந்து பார்ப்பார்கள். பொயின்ற் பழுதானால் வீதியோரத்தில் நகம் தேய்க்கும் அரத்தால் சீர்செய்துவிடலாம். எலெக்ற்றோனிக் பாகம் செத்தால் செத்ததுதான்.”

“தாத்தா, உங்களுடைய கண் இப்போது அந்தப் பதினாறைக் காண்கிறதா?” என்று கேட்டாள் பேத்தி.

அவர் விடை கூறவில்லை. தம் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார், அவை நடுங்கிக்கொண்டிருந்தன. பிறகு சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவர்கள் பொருத்தியது 1974இல் அறிமுகமாகி, 1975 முதல் ஜெனரல் மோட்டோர்ஸ் வண்டிகள் யாவற்றிலும் வந்த உயர்சக்தி முறை. ‘எச்.ஈ.ஐ.’ என்பார்கள். பொயின்றுக்குப் பதிலாகக் காந்தமும் உணர்கருவியும் சிறியதோர் எலெக்ற்றோனிக் பெட்டியும்; கொயில் மூடியின் மேலேயே அமர்ந்திருக்கும். இதனை விடவும் எளிய வழியும் உண்டு: பழைய டிஸ்றிபியூட்டருக்குள்ளேயே பொயின்றை நீக்கிவிட்டு ஒரு சிறு காந்தக் கருவியை வைத்துவிடலாம். வெளித்தோற்றம் சிறிதும் மாறாது. நம்மைக் கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்போம். ஆனால் முதியவரின் வாதம் வேறு. மாற்றுவதென்றால் இலட்சக்கணக்கான வண்டிகளில் ஓடிய பாகமாக இருக்கட்டும். எந்த ஊரில் நின்றாலும் கடையிலே வாங்கலாம் என்றார். அதுவும் நியாயந்தான்.

முதலாம் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் பெருவிரலை வைத்து, காற்று விரலைத் தள்ளும்வரை யந்திரத்தை மெல்லச் சுழற்றினார்கள். கப்பியிலுள்ள கோடு பூச்சியத்துக்கு வந்ததும் நிறுத்தி, றோட்டர் நோக்கிய திசையைச் சுண்ணக்கட்டியால் குறித்தார்கள். பற்றரியின் கம்பியைக் கழற்றிய பின்பே டிஸ்றிபியூட்டரை வெளியே எடுத்தார்கள். அடியிலுள்ள பற்சக்கரம் சாய்வாக வெட்டப்பட்டதாகையால், தூக்கும்போது றோட்டர் சற்றே திரும்பும். புதியதை இறக்கும்போது அத்தனை முன்னதாகத் திருப்பி வைத்து இறக்கவேண்டும். பேத்தி இரண்டுமுறை முயன்றும் அது முழுதாக அமரவில்லை. “எண்ணெய்ப் பம்பின் தண்டு நேராக இல்லை. பலாத்காரம் செய்யாதே, திருப்பு” என்றார் தாத்தா. நீண்ட திருப்புளியைத் துவாரத்தில் விட்டு அத்தண்டைச் சிறிது திருப்பியதும் ‘டொக்’ என்று அமர்ந்தது.

பலர் இடறும் இடம் அடுத்தது. பழைய வண்டிகளில் பொயின்று எரிந்துபோகாதிருக்கக் கொயிலுக்குச் செல்லும் மின்சாரத்தை ஒரு தடைக்கம்பியினூடே குறைத்தே அனுப்புவார்கள். புதிய முறைக்கோ பன்னிரண்டு வோல்ற்றும் முழுதாக வேண்டும். ஆகவே பியூஸ் பெட்டியிலிருந்து தடித்த புதிய கம்பி ஒன்றை இழுத்தார்கள். இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, புதிய கருவி உதவாது என்று பழிப்போர் அநேகர். பிளக்குகளின் இடைவெளியை ஆயிரத்தில் முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தைந்தாக அகட்டினார்கள். வலிய பொறி அகன்ற இடைவெளியையும் தாண்டும். பிளக் கம்பிகளையும் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசை பிசகாமல் புதிதாக மாட்டினார்கள்.

சாவியைத் திருப்பியதும் யந்திரம் உடனே பிடித்துக்கொண்டது. ஒளி மின்னும் விளக்கைக் கப்பியின் மேல் காட்டி, டிஸ்றிபியூட்டரின் உடலை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாள் பேத்தி. 3,000 சுழற்சியில் முப்பத்தாறு பாகை முந்தி நிற்கும்படி வைத்தாள். தாத்தா விளக்கைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், “இன்னும் ஒரு பாகை குறை” என்றார். குறைத்தாள். ஒலி சீராயிற்று.

பொன்ரியாக் என்பது 1763இல் டெட்ரோயிட் கோட்டையை முற்றுகையிட்ட ஒட்டாவா இனத் தலைவனின் பெயர். அது ஊருக்கு ஆயிற்று. பின்பு வண்டிக்கு ஆயிற்று. வண்டி 2010இல் மறைந்துபோக, ஊர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. முன்னாளில் தொழிற்சாலை நின்ற நிலமொன்றில், வூட்வர்ட் வீதியோரமாகவே, செல்வர்கள் தங்கள் வண்டிகளை நிறுத்தி ஓட்டி மகிழ ஒன்றரை மைல் ஓட்டப்பாதை அமைத்திருக்கிறார்கள். தாமும் தோழரும் உழைத்த ஊரில் இதுவும் நடக்கிறது என்று முதியவர் சொன்னபோது அவர் குரலில் கோபமில்லை, மகிழ்ச்சியும் இல்லை.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை நடைபெறும் பவனி, பெர்ண்டேல் ஊர்ப் பிள்ளைகளின் உதைபந்தாட்ட மைதானத்துக்குப் பணம் திரட்ட 1995இல் தொடங்கியது. இன்று பல்லாயிரம் பழைய வண்டிகள் ஊர்ந்து செல்கின்றன. வீதியோரமெங்கும் குடும்பங்கள் கதிரை போட்டு அமர்ந்திருக்கின்றன. நாம் ஒரு மரநிழலில் நின்று பார்த்தோம். பிற்பகல் மூன்று மணியளவில் அந்த ஜீ.ரீ.ஓ. நடைவேகத்தில் வந்தது. பேத்தி ஓட்டினாள். தாத்தா பக்கத்திலே, மடியில் துணிப்பொதி ஒன்றை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பழைய டிஸ்றிபியூட்டர் அதற்குள்ளே இருந்தது. வழியில் நின்றுவிட்டால் வேண்டியிருக்கும் என்று சொல்லிக் கொண்டுவந்தாராம். வண்டி நிற்கவில்லை, தெற்கு நோக்கிச் சென்று, எட்டாம் மைலுக்கு முன்னே புற்றரையைச் சுற்றித் திரும்பி, மறுபடியும் நம்மைக் கடந்து வடக்கே போயிற்று.