லயத்துக்கு வந்த துப்பறியும் சாமியார்

பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். தமிழ்நாட்டுத் துப்பறியும் நாவல்கள் அந்த ரயிலில் வந்து, பசறை பஸ்ஸில் ஏறி எங்கள் தேயிலைத் தோட்டத்தை அடைந்தன. நான் அறிந்த தொழிலாளர் லயங்களில் அதிகம் கைமாறியது வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்'. அட்டை போய், நூலால் தைத்துத் தைத்துப் படித்த பிரதி அது.

அந்திக் கொழுந்தை நிறுத்துப்போட்டு எல்லாரும் வீடு திரும்பியதும் இஸ்தோப்பில் கூட்டம் சேரும். குப்பி லாம்பு வெளிச்சத்தில் பெரியப்பா உரக்க வாசிப்பார். எழுத்தறியாத அப்பாயிதான் முதல் ரசிகை. "நிப்பாட்டாதடா, சாமி இப்ப எந்த வேசத்துல நிக்கிறாரு?" என்பார்.

சாமி என்றால் திகம்பர சாமியார். சந்நியாசி, ஆனால் வேலையோ துப்பறிவது. மாறுவேடத்தில் புகுந்து, பணமும் சட்டமும் கையில் வைத்திருக்கும் வக்கீலின் அக்கிரமத்தை அம்பலமாக்குவார். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் இதைப் படமாக்கியபோது சாமியாராக நடித்தவர் எம்.என். நம்பியார். பிறகு காலமெல்லாம் வில்லனாகவே பார்த்த அந்த மனிதர், நிஜத்தில் சபரிமலை குருசாமி!

இந்தக் கதையில் எங்கள் சனம் ஏன் அப்படி ஊறிப்போனது? 1948இல் குடியுரிமை போனது, அடுத்த ஆண்டு வாக்கும் போனது. கணக்கப்பிள்ளை பேர் போடாமல் விட்டால் அன்றைய சம்பளம் இல்லை. துரையிடம் முறையிடப் போனால் வாசலிலேயே விரட்டு. கோர்ட்டுப் படி ஏற வழியில்லாதவர்களுக்கு, காசு வாங்காமல் நியாயம் கேட்க ஒரு சாமி வேண்டியிருந்தது. ஐயங்கார் (1880–1942) எங்களை நினைத்து எழுதியிருக்க மாட்டார். ஆனாலும் அவர் எங்களுக்காகவும் எழுதினார் என்றே நம்புகிறேன்.

1964இன் இந்திய-இலங்கை ஒப்பந்தம் எங்கள் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. தலைமன்னார் கப்பலுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் ட்ரங்குப் பெட்டியில் இடமில்லாமல் புத்தகங்களைப் பக்கத்துக் காம்பராவில் கொடுத்துவிட்டுப் போயின. எழுபதுகளில் இந்தியப் பத்திரிகைகளின் வரவுக்குக் கட்டுப்பாடு வந்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் நம் நாட்டு எழுத்தாளர்களின் நாவல்களைக் கொண்டுவந்தன. எங்கள் லயத்தில் பழைய சாமியாரையும் விடாமல் வாசித்தார்கள்.

அந்தப் பிரதிகளின் முதல் பக்கத்தில் தோட்டத்தின் பேர், டிவிசன், வைத்திருந்தவர் பேர் எல்லாம் பென்சிலில் இருக்கும். கப்பலேறியவர்களின் கையெழுத்து அது. பசறையிலோ லுணுகலையிலோ மடூல்சீமையிலோ உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒன்று கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பழைய நூல்களை மின்வடிவில் ஆவணப்படுத்தும் நூலகம் நிறுவனத்தாரிடம் காட்டுங்கள்.