முதல் வரைவையும் கொடுத்தோம்

புத்தளத்தில் தொழில் செய்யும் சட்டத்தரணிக்குக் காணி, ஜீவனாம்சம், காசோலை வழக்குகள்தான் அதிகம் வரும். ஒரு மாணவியின் ஆய்வுக் கட்டுரைக்காகக் கோவை திறந்தது என் அனுபவத்தில் அபூர்வம். கட்சிக்காரி எலுவன்குளத்துப் பிள்ளை. தகப்பன் கங்கேவாடியாவில் தோணி வைத்திருந்த மீனவர். புவியியல் இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது சொந்த ஊர் விடயம்: கலா ஓயா முகத்துவாரத்துக் கண்டல் காடும் அதை நம்பிய மீன்பிடியும்.

தாதுசேன மன்னன் 5ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த கலாவெவவில் தேங்கும் அந்த ஆறு, வில்பத்துத் தேசியப் பூங்காவின் தெற்கு ஓரமாக ஓடிவந்து புத்தளம் களப்போடு சேருகிறது. இலங்கையின் பெரிய கண்டல் காடுகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. மீனவர்களிடம் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டு எழுதியதை ஆங்கிலக் கட்டுரையாக்கிச் சமர்ப்பித்தாள்.

பெறுபேறு வரவேண்டிய நேரத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. குற்றச்சாட்டு இரண்டு. ஒப்புமை பார்க்கும் மென்பொருளின்படி கட்டுரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிற ஆக்கங்களோடு பொருந்துகிறது என்பது ஒன்று. இவ்வளவு திருத்தமான ஆங்கிலம் இம்மாணவியுடையதாக இருக்க முடியாது, வேறொருவர் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது மற்றது. பெறுபேறு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

“நானே எழுதினது சேர். எத்தனை தரம் திருத்தி எழுதினன் எண்டு எனக்குத்தான் தெரியும்” என்றாள். எனக்கு வேண்டியிருந்த சாட்சியம் அந்த வார்த்தைக்குள்ளேயே இருந்தது. களக்குறிப்புக் கொப்பி, கைப்பட எழுதிய பக்கங்கள், மேற்பார்வையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், அவர் திருத்திய பிரதிகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னேன். அவள் ஒன்றையும் எறிந்திருக்கவில்லை. நான்கு வரைவுகள் இருந்தன.

தகவலறியும் உரிமை 2015இல் 19ஆம் திருத்தத்தோடு நமது அரசியலமைப்பில் இடம்பிடித்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து, மென்பொருள் அறிக்கையின் முழுப் பிரதியைப் பெற்றோம். விழுக்காட்டை மட்டும் பார்த்தவர்கள் உள்ளே பார்க்கவில்லை என்பது அப்போது தெரிந்தது. நிறமிடப்பட்ட வரிகளில் பெரும்பகுதி உசாத்துணைப் பட்டியல், திணைக்களங்களின் பெயர்கள், சட்டப் பிரிவுகளின் வாசகம், மேற்கோள் குறிக்குள் இருந்த பகுதிகள். இவை எவர் எழுதினாலும் பொருந்தும். மென்பொருள் காட்டுவது பொருத்தத்தை மட்டுமே. அது திருட்டா என்று தீர்மானிக்க ஒரு மனிதர் வரிவரியாக வாசிக்க வேண்டும்.

இரண்டாம் குற்றச்சாட்டுக்கு வரைவுகள்தான் பதில். முதல் வரைவில் கண்டல் அழிந்ததால் மீன் குறைந்தது என்று உறுதியாக எழுதியிருந்தாள். ஓரத்தில் மேற்பார்வையாளர் பென்சிலால், இது எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தார். இரண்டாம் வரைவில் அது, மீன் குறைந்ததாகத் தான் சந்தித்த மீனவர்கள் சொல்கிறார்கள் என்று மாறியது. மூன்றாவதில் எந்த வகை மீன், எந்த மாதங்களில், எந்த வலைக்கு என்று பிரிந்தது. நான்காவதில், இக்குறைவுக்கு வலைகள் பெருகியதும் காரணமாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் களக்குறிப்பில் ஆதாரம் இருந்தது. கூலிக்கு எழுதுபவர் முடிந்த கட்டுரையைத்தான் கொடுப்பார். இப்படித் தயங்கித் தயங்கி வளர்ந்த சிந்தனையை அவரால் கொடுக்க முடியாது. மொழியும் அதோடு சேர்ந்தே தெளிந்திருந்தது.

ஒரு சிக்கல் இருந்தது. முதல் வரைவின் முன்னுரையில் இரண்டு வாக்கியங்கள் ஒரு பழைய அறிக்கையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தன. மேற்பார்வையாளர் வட்டமிட்டுக் காட்டியிருந்தார். இரண்டாம் வரைவில் அவள் சொந்தச் சொற்களில் எழுதி மூலத்தையும் குறிப்பிட்டிருந்தாள். அந்த வரைவை மறைத்துவிடலாமே என்று உறவினர் ஒருவர் கேட்டார். நான் மறுத்தேன். சாட்சியத்தில் ஒரு பக்கம் காணாமற்போனால் மிச்சப் பக்கங்களையும் எவரும் நம்பமாட்டார்கள். தவிர, பிழை சுட்டப்பட்டுத் திருத்தப்பட்டதுதான் அவள் கற்றாள் என்பதற்குச் சான்று.

நீதிமன்றம் போவதையும் எண்ணிப் பார்த்தேன். அமெரிக்காவில் நாப்பொலிட்டானோ எதிர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் என்ற வழக்கு 1982இல் தீர்க்கப்பட்டது. ஸ்பானிய இலக்கியக் கட்டுரையில் பிறர் எழுத்தைக் குறிப்பிடாமல் எடுத்ததாகக் கண்ட பல்கலைக்கழகம் மாணவியின் பட்டத்தை ஓராண்டு பிற்போட்டது. நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. நம் நாட்டிலும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரை எழுத்தாணை அதிகாரம் தருகிறது. ஆனால் நீதிமன்றம் கட்டுரைக்குப் புள்ளி போடாது. குற்றச்சாட்டு தெளிவாகச் சொல்லப்பட்டதா, ஆதாரம் காட்டப்பட்டதா, பதில் சொல்ல இடம் தரப்பட்டதா என்றுதான் பார்க்கும். ஆகவே விசாரணைக் குழுவிடமே வெல்வது அவசியமாக இருந்தது. எந்த வரி எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்று குறிப்பிடாத கடிதம் குற்றப்பத்திரிகை ஆகாது என்று எழுதி, புதிய விசாரணை கேட்டேன்.

குழுமுன் சட்டத்தரணிக்கு இடமில்லை. அவளே பேசினாள். நான்கு வரைவுகளையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்து, எந்தத் திருத்தம் ஏன் என்று விளக்கினாள். மேற்பார்வையாளரும் வந்து, மொழியைத் திருத்தச் சொன்னது தான்தான் என்றும் வாதமும் தரவும் அவளுடையவை என்றும் சொன்னார். இலக்கணத்தைத் திருத்தித் தருவது கற்பித்தலின் பகுதி. வாதத்தையே எழுதிக் கொடுப்பது மோசடி. குழு இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டது. இரண்டு குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன. பெறுபேறு வெளியானது.

இன்று மாணவர்கள் கணினியில் எழுதுகிறார்கள். பழைய கோப்பின் மேலேயே புதியதைச் சேமித்து, முதல் வரைவை அழித்துவிடுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகள் எனச் சொல்லப்படுபவையும் வந்திருக்கின்றன. ஓப்பன்ஏஐ நிறுவனமே தனது கண்டறி கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் நிறுத்தியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டிராதவர்களின் எழுத்தை இத்தகைய கருவிகள் தவறாகப் பழிப்பதை அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலுவன்குளத்துப் பிள்ளைக்கும் மன்னாரின் பிள்ளைக்கும் இதுவே ஆபத்து.

ஆகவே, ஆய்வெழுதும் மாணவர்களே, ஒவ்வொரு வரைவையும் திகதியிட்டுத் தனியாக வைத்திருங்கள். களக்குறிப்பையும் ஆசிரியரின் திருத்தத்தையும் எறியாதீர்கள். விசாரிக்கும் ஆசிரியர்களே, ஒரு விழுக்காட்டைக் கொண்டு ஒரு பிள்ளையின் பட்டத்தைத் தடுக்குமுன் அந்தப் பிள்ளையின் வரைவுகளைக் கேட்டு வாங்கி வாசியுங்கள்.