சாளரத்தின் இப்புறம்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவர் பழமொழி. ஆங்கிலப் பள்ளியில் பயின்று, தானா ராத்தாவை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் கிராணியாக அமர்ந்த நானோ, ஆளுக்குரிய பாதியையும் விட்டுவைத்தேனில்லை. ஆடையே முழுதும் என்று கொண்டேன். காரியாலயச் சாளரத்தின் முன் நிற்பவரது செருப்பையும் சட்டையையும் கண்டே, இவரை அமரச் செய்வதா, நிற்கச் செய்வதா என்று தீர்ப்பளித்து விடுவேன். அத்தீர்ப்பின் தன்மையை ஒரு மழைக்காலம் எனக்கு உணர்த்திற்று.

நவம்பர் மாதப் பிற்பகல். சம்பளப் பட்டியலை முடிக்கும் அவசரத்தில் இருந்தேன். முதியவர் ஒருவர் சாளரத்தண்டை வந்து நின்றார். செருப்பில்லை; முழங்கால்வரை சேறு; கிழிந்த சட்டை; முதுகில் பிரம்புக் கூடை. காட்டுப் பொருள் ஏதோ விற்க வந்தார் என்று எண்ணினேன். "என்சிக், மேலே ஊற்று நீர்..." என்று மலாயில் தொடங்கினார். "நாளை வா" என்றேன், தலை நிமிராமலே. இறவாணத்து நீர் தோளில் விழச் சிறிது நேரம் நின்றார்; பிறகு போய்விட்டார்.

அன்றிரவு லயத்தின் பின்மேடு சரிந்தது. கடைசி வீட்டின் சமையலறை மண்ணுள் புதைந்தது. அங்கே தனித்து வாழும் கொழுந்து பறிக்கும் பாட்டி, அண்டை வீட்டில் உறங்கியதால் பிழைத்தார். தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கினால் மேட்டினுள் மண் நகர்கிறது என்று பொருள். நான் கேளாத செய்தியை அம்முதியவர் லயத்திற்கே சென்று சொல்லியிருக்கிறார்.

"அவரை எப்படிப் பாட்டி நம்பினீர்கள்?" என்றேன்.

"மழையில் நனைந்துகொண்டு ஒருவர் பொய் சொல்லவா வருவார், கிராணி ஐயா?" என்றார். அவர் பள்ளியின் வாயிலையும் மிதித்தறியாதவர்.

1885-ல் இம்மலையை ஆராய வந்த வில்லியம் காமரனின் பெயரைப் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். அவருக்கு முன்பே இங்கு வாழ்ந்த செமாய் மக்களின் பெயரை அறிந்தேனில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்களைச் 'சக்காய்' என்றனர். அடிமை என்னும் பொருள் தோய்ந்த சொல் அது. 1960-களில் அரசாங்கம் அதை நீக்கி, 'ஓராங் அஸ்லி', அதாவது ஆதிமக்கள், என்று வழங்கத் தொடங்கியது. ராபர்ட் டென்டன் என்னும் அமெரிக்க மானிடவியலார் 1968-ல் அவர்களைப் பற்றி எழுதிய நூலின் தலைப்பிலேயே வன்முறை நாடாத மக்கள் என்று குறித்தார். ஆயினும் நம் தோட்டங்களில் அப்பழஞ்சொல் முற்றும் மறைந்தபாடில்லை. என்னை ஒருவர் 'கிள்ளிங்' என்றால் நெஞ்சு கொதிக்கிறது. என் நாவோ பிறரைச் 'சக்காய்' என்று சொல்லக் கூசியதில்லை.

என் பாட்டனார் கூலியாக வந்தவர். துரையின் காரியாலயத்துள் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை, வெளியே நின்றே பேசினார் என்று தந்தையார் கூறுவார். அப்பாட்டனாரின் பேரன் சாளரத்தின் இப்புறம் அமர்ந்ததும், அப்புறம் நிற்பவரை மறந்தேன்.

பாட்டியுடன் அம்முதியவரின் கிராமம் சென்று மன்னிப்புக் கோரினேன். அவர் என் சொற்களைப் பெரிதாகக் கொள்ளவில்லை. "மறுபடி நீர் கலங்கினால் யாரிடம் சொல்வது?" என்று மட்டும் கேட்டார். "என்னிடம் சொல்லுங்கள், பாக் சிக்" என்றேன், குரல் தழுதழுத்தது.

சாதி ஒழிக என்று மேடைகளில் முழங்கும் அன்பர்களே! பிறப்பால் தாழ்த்துவது பிழையெனின், தோற்றத்தால் தாழ்த்துவதும் அப்பிழையே அன்றோ? இன்று என் சாளரத்தின் அப்புறம் ஒரு விசுப்பலகை கிடக்கிறது. வருவோர் எவராயினும் முதலில் அமர்கின்றனர்; பின்னரே பேச்சு.