சிம் லிம் மாடியில் கிடைத்த பதில்

தேக்காவிலிருந்து ரோச்சோர் கால்வாயைத் தாண்டி நடந்தால் பத்து நிமிடத்தில் சிம் லிம் ஸ்குவேர் வந்துவிடும். 2015 இறுதியில் ரோச்சோர் எம்ஆர்டி நிலையம் திறந்த பிறகு அந்த நடைகூடத் தேவையில்லை. 1980களிலிருந்து நிற்கும் இந்தக் கடைத்தொகுதியிலிருந்துதான் என் வயதையொத்த பலருடைய வீட்டுக்கு முதல் கணினி வந்தது. கடை கடையாக விலைப்பட்டியல் தாள்களைச் சேகரித்து, நடைபாதையில் நின்றபடியே அப்பாக்கள் கணக்குப் போட்ட காலம் அது.

சுற்றுப்புறம் இப்போது நிறைய மாறிவிட்டது. பக்கத்தில் நான்கு வண்ணங்களில் நின்ற ரோச்சோர் சென்டர் அடுக்குமாடிகள் நெடுஞ்சாலைத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டன. பழைய கைக்கடிகாரம் முதல் வானொலிப் பெட்டிவரை தரையில் பரப்பி விற்ற சுங்கை ரோடு ‘திருட்டுச் சந்தை’ 2017 ஜூலையில் மூடப்பட்டது. சிம் லிமின் பெயரும் இடையில் கெட்டது. 2014ல் வியட்னாமியச் சுற்றுப்பயணி ஒருவர், ஐஃபோனுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு அங்கே மண்டியிட்ட காணொளியைப் பலர் இன்னும் மறக்கவில்லை. “அங்கேயா போகிறாய்?” என்று கேட்பவர்கள் உண்டு. நான் போகிறேன். மேல்மாடிகளில் இன்னும் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகப் போனது அம்மாவின் மடிக்கணினிக்காக. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு மாற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அம்மாவுடையது அதற்கு முந்தியது. திரை பளிச்சென்று இருக்கிறது, விசைப்பலகையில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. இருந்தும் தகுதியில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது.

வீட்டருகே ஒரு பழுதுபார்ப்பு முகப்பில் கேட்டேன். மூடியைக்கூடத் திறக்காமல், “புதுசு வாங்கிடுங்க” என்றார்கள். உள்ளே இருப்பவை? “எல்லாம் கிளவுடில் இருக்குமே.”

அம்மா கிளவுட் எதுவும் வைத்திருக்கவில்லை. ‘கதைகள்’ என்றொரு கோப்புறைதான் வைத்திருந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்த தாத்தா சொல்லச் சொல்ல, 1990களின் இறுதியில் அம்மா தட்டச்சு செய்தவை அவை. ஒவ்வொரு முறை கணினி மாறும்போதும் கூடவே வந்திருக்கின்றன. தாத்தா இப்போது இல்லை. வானொலியில் வேலை பார்க்கும் என் வீட்டில் அவர் குரலின் ஒரு பதிவுகூடக் கிடையாது.

சிம் லிமில் நான் போனது ஒருவர் நின்றாலே நிறைந்துவிடும் கடை. அறுபதைத் தாண்டிய சீன அங்கிள் கேட்ட முதல் கேள்வி, “உள்ளே முக்கியமானது என்ன இருக்கு?” வட்டைக் கழற்றி, கோப்புகளை வெளிவட்டில் நகலெடுத்துக் கொடுத்த பிறகுதான் மற்றதைப் பேசினார். “கணினி நல்லாத்தான் இருக்கு. மென்பொருள்தான் இதை வேண்டாம்கிறது.” பழைய வன்வட்டுக்குப் பதில் ஓர் எஸ்எஸ்டி பொருத்தினார். 130 வெள்ளி. லினக்ஸ் மின்ட் ஏற்றிய தம்ப் டிரைவ் ஒன்றையும் செருகிக் காட்டினார். கணினியில் நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் நிறுவலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம். இலவசம்.

வீட்டில் நிறுவினேன். கடிதம் எழுத லிப்ரே ஆஃபீஸ், இணையத்துக்கு ஃபயர்ஃபாக்ஸ், படம் பார்க்க விஎல்சி. ஒலித்தொகுப்புக்கு, ஊடகவியல் படித்த நாளிலிருந்து எனக்குப் பழக்கமான ஆடாசிட்டி. எல்லாமே இலவசம். எல்லாமே சுகம் என்று சொல்லமாட்டேன். அச்சுப்பொறியை இணைக்க ஒரு மாலைப்பொழுது போனது. ஃபோட்டோஷாப் போன்றவற்றை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது சரிவராது. அம்மா இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் அவர்பாட்டுக்குச் செய்தி படித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் தாத்தாவின் கதைகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் புரியாத குறிகளும்தான் வந்தன. அவை யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் ஒவ்வொரு குறியீட்டைப் பயன்படுத்தியது. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் படிக்க முடியாது. இந்தக் குழப்பத்தைப் பேசித் தீர்க்க 1997ல் தமிழ் இணைய மாநாடு கூடியதே நம் சிங்கப்பூரில்தான். எழுத்தாளர் நா. கோவிந்தசாமி போன்றவர்கள் இங்கிருந்து முன்னின்று உழைத்தார்கள். பழைய குறியீட்டை யுனிகோடாக மாற்றும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எந்தக் குறியீடு என்று தெரியாததால் ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். நான்காவது முயற்சியில் திரையில் தமிழ் வந்தது.

“கப்பல்ல மூணாம் நாளே கட்டுச்சோறு ஊசிப்போச்சு.”

அம்மா அதை வாய்விட்டுப் படித்தார், தாத்தா இழுக்கிற மாதிரியே இழுத்து. ஆடாசிட்டியில் பதிவு செய்துகொண்டேன். இதுவரை பதினொரு கதைகள் முடிந்திருக்கின்றன.

உங்கள் வீட்டிலும் ‘தகுதியில்லாத’ கணினி ஒன்று இருக்கலாம். மின்கழிவுத் தொட்டிக்குக் கொண்டுபோகும் முன் அதற்குள் என்ன இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். முதலில் நகலெடுங்கள். பழைய தமிழ்க் கோப்புகளை யுனிகோடுக்கு மாற்றி இரண்டு இடத்தில் வையுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும், மூடியைத் திறக்கும் முன் செலவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். புதியது வாங்குவதா என்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.